வலியும் மாத்திரையும் ஒரே உடம்பில்



குளச்சல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1741-ஆம் ஆண்டுப் போர் நினைவுக்கு வரும். மார்த்தாண்டவர்மரின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்ற கரை இது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்னொரு நினைவும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் வலிக்கு மருத்துவம் பார்ப்பவன். தீராத வலியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களைப் பற்றியும், அந்த வலிக்கென்று எடுத்த மாத்திரையிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறவர்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இவர்களை நாம் இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முன்னவர்கள் நோயாளிகள், இரக்கத்துக்கு உரியவர்கள். பின்னவர்கள் போதைக்காரர்கள், காவல் நிலையத்துக்கு உரியவர்கள். நான் பார்த்தவரையில் பல நேரம் இருவரும் ஒரே ஆள். அவருடைய வலியை நாம் ஒழுங்காகக் கவனிக்காததால் அவர் அந்த மாத்திரையிடம் போனார். போன பிறகும் அவருடைய வலியை நாம் கவனிப்பதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இந்த மாவட்டத்தின் தொழில்களை எண்ணிப் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், ஆடும் தளத்தில் நின்றபடி வலை இழுக்கிறார்கள். மலையோரத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் பால்வெட்டப் போகிறவர் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு முன்னால் குனிந்து நிமிர்கிறார். பனையேறிகள் விழுந்து முதுகெலும்பு முறிந்த கதை இல்லாத பழைய ஊர் இங்கே குறைவு. அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற, தோலுரிக்கிற பெண்கள் காலை முதல் மாலை வரை தரையில் அமர்ந்தே வேலை செய்கிறார்கள். இந்தக் கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் ஊர் ஊராக விற்ற தாய்மார்களின் கழுத்தையும் முழங்காலையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் வலியென்று சொல்லி வந்ததில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ வருவார்கள். எழுந்து போகும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். அப்போதுதான் தெரியும்.

அடிபட்டால் நம் ஊரில் முதலில் போவது வர்ம ஆசானிடம். தடவி, எண்ணெய் போட்டு, கட்டுக் கட்டி விடுவார்கள். சுளுக்கிலும் தசைப்பிடிப்பிலும் அந்தக் கைகள் பலருக்கு நிவாரணம் தருவதைக் கண்டிருக்கிறேன். அடுத்த இடம் மருந்துக்கடை. மூன்று நான்கு நிறத்தில் மாத்திரைகளைத் தாளில் மடித்துத் தருகிற ‘ஒரு செட்’டை இங்கே அறியாதவர் யார்? அதில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு வலிநிவாரணி, ஒரு வயிற்று மாத்திரை, சில கடைகளில் ஒரு ஸ்டீராய்டு. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது போதலாம். ஆனால் மூன்று மாதம் கடந்தும் நிற்கிற வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்று தனியாக வைத்துப் பார்க்கிறது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பும் தண்டுவடமும் மூளையும் வலியைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருக்கும் நிலை அது. அதற்கு டைக்ளோஃபெனாக்கை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் வரும். வலி அங்கேயே இருக்கும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், சிறு வயதிலிருந்தே கடல்தொழில். படகில் ஐஸ் நிரப்பிய மீன் அறைக்குள் தவறி விழுந்தார். கரை திரும்ப நான்கு நாள் ஆயிற்று. இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தியிருந்தது. கடன் வாங்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகு நேரானது. ஆனால் இடது காலில் தீ வைத்தாற்போன்ற எரிச்சல் நிற்கவில்லை. போர்வை பட்டால்கூட அலறுவார். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது, இது மனப்பிரமை என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். நரம்பு சேதமானதால் வரும் இந்த வகை வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் கேட்பதில்லை. அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அன்றைக்கு அவருக்கு அவற்றை யாரும் தரவில்லை.

தொழிலுக்குத் திரும்பியே ஆகவேண்டும், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. உடன் வேலை செய்த ஒருவர் தன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். டிராமடால். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவு அவர் தூங்கினார். அந்த ஒரு இரவுத் தூக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய பின்னாளைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் போதையைத் தேடிப் போகவில்லை, தூக்கத்தைத் தேடிப் போனார்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. ஓராண்டுக்குள் பத்துக்கு மேல். ஒரே கடையில் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று பஸ் ஏறி வேறு வேறு ஊர்க் கடைகளுக்குப் போனார். ஒருநாள் படகிலேயே வலிப்பு வந்தது. டிராமடாலை அளவுக்கு மீறி எடுத்தால் வலிப்பு வரலாம் என்பது அந்த மருந்தின் பெட்டியோடு வரும் குறிப்பில் இருக்கும் செய்தி. பெட்டியை அவர் ஒருநாளும் கண்டதில்லை, அட்டையைக் கத்தரித்துத்தான் கொடுத்தார்கள். மனைவி சட்டைப் பையில் காலி அட்டைகளைக் கண்டெடுத்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்தது, தெருவுக்குத் தெரிந்தது, கோயிலுக்குத் தெரிந்தது. உறவினர்கள் சேர்ந்து அவரை எங்கோ ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓபியாய்டு மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்காக இயற்கை வைத்தவை அவை. வெளியிலிருந்து வாரக்கணக்கில் மருந்து வந்தால் உடம்பு அதை எதிர்பார்த்துத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும். திடீரென்று மருந்து நின்றால் சில மணி நேரத்திலேயே கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, காலில் சுண்டி இழுக்கும் வலி, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாளில் இது உச்சத்துக்குப் போகும். இது மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிக்கும் வரும், பாதிரியாருக்கும் வரும், நீதிபதிக்கும் வரும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருந்துக்காகத் தொழிலை, குடும்பத்தை, உயிரையே பணயம் வைத்தும் நிறுத்த முடியாமல் போவது வேறொரு நிலை. அதைத்தான் அடிமை நோய் என்கிறோம். அதுவும் நோய்தான். முதல் நிலையில் இருப்பவர் எல்லாரும் இரண்டாம் நிலைக்குப் போவதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால் குடும்பங்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், என் தொழில்காரர்களும் இருவரையும் ஒரே பார்வையால் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓபியாய்டுகளை நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு நரம்பு மண்டலமே கூர்மையாகி, முன்பைவிட அதிகமாக வலிக்கத் தொடங்கும். வலி கூடியதென்று மாத்திரையைக் கூட்டுவார், மாத்திரை கூடியதால் வலி கூடும். அவர் நடிக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள்.

அந்த மீனவர் இல்லத்திலிருந்து திரும்பியபோது கால் எரிச்சல் அப்படியே இருந்தது. அதற்கு அங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை. மீண்டும் மாத்திரைக்குப் போனார். இதுதான் மிக ஆபத்தான வேளை. சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்குதிறன் போய்விடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு அடங்கிச் சாகலாம். அவர் பிழைத்துக்கொண்டார். மனைவி விடாமல் அழைத்து வந்தார். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் கொடுத்தோம். அது மருந்து நின்ற வேதனையையும் தேட்டத்தையும் அடக்கும், வலியையும் ஓரளவு தணிக்கும். நரம்பு வலிக்குத் தனி மருந்து. பிசியோதெரபி. கடலுக்குப் போவதில்லை, கரையில் வலை பின்னுகிறார். வலி போய்விட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். போகவில்லை. “நோவு இருக்கு சாரே. ஆனா இப்போ ஒரு கடையிலயும் தலையைக் குனிஞ்சு நிக்கண்டாம்” என்றார்.

இனி நாட்டின் கதைக்கு வருகிறேன். மருத்துவத்துக்காக அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடுகளில் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் பயிரிடுகிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகின் மருந்து நிறுவனங்களுக்கு நாம் அபினியை ஏற்றுமதி செய்தோம். 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலை ஒடுக்க வந்த சட்டம்தான். ஆனால் மார்ஃபின் வைத்திருக்க, கொண்டுபோக, வாங்க என்று தனித்தனி உரிமங்கள், தனித்தனித் துறைகள். எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் 10 ஆண்டுச் சிறை என்ற அச்சம். எந்த மருத்துவமனை இந்த வம்பை இழுத்துப் போட்டுக்கொள்ளும்? நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சரிந்து சரிந்து 1997-இல் 18 கிலோ ஆனது. நூறு கோடியை நெருங்கிய மக்களுக்கு 18 கிலோ. மருத்துவம் படித்து முடித்தும் ஒரு மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் காணாத தலைமுறை அப்படித்தான் உருவானது.

அதே காலத்தில் 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் ஒரு சிறு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ராஜகோபால் மயக்கவியல் மருத்துவர். நாக்குப் புற்றுநோய் வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு ஊசியால் நரம்பைத் தடுத்து வலியை முழுதாகப் போக்கியதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இனி என்னிடம் வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். நோய் குணமாகாது என்பது அப்போதுதான் அந்தப் பேராசிரியருக்குப் புரிந்தது. அவர் வீடு திரும்பித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வலியை மட்டும் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்பதே அந்த நிகழ்ச்சி தமக்குக் கற்பித்தது என்று ராஜகோபால் சொல்வார். வலி மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லிக் கொடுப்பதுண்டு.

நோயாளியின் வீட்டுக்கு மார்ஃபினைக் கொடுத்தனுப்பினால் தெருவில் விற்றுவிடுவார்கள் என்று அன்று எல்லாரும் அஞ்சினார்கள். கோழிக்கோட்டில் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்ததை ஆராய்ந்து 2001-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து தவறான கைக்குப் போனதாக ஒன்றும் தெரியவரவில்லை. 2008-இல் கேரள அரசு வலி தணிப்பு மருத்துவத்துக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் செவிலியரை வைத்துப் படுக்கையில் கிடப்பவரை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு வளர்ந்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்று ஆக்கியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் எதுவும் இப்போது அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

1956 நவம்பர் 1 வரை நாமும் இன்று கேரளமாக இருக்கும் பக்கத்தோடுதான் இருந்தோம். களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பு இந்தப் பக்கம் அவன் அண்ணனுக்கும் கிடைக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வலி தணிப்புச் சேவையும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நல்ல தொடக்கம். அது கடற்கரைத் தெருவின் கடைசி வீடு வரை வருகிறதா என்பதைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.

நமக்கு முன்மாதிரி வெளியூரில் மட்டும் இல்லை. இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் நெய்யூர். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் தென்னிந்தியாவைப் பார்க்க வந்தார். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்க, அறுவை செய்ய ஒரே ஒரு மருத்துவர் இருந்ததைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். முதல் உலகப் போரில் 1916-இல் சோம் போர்க்களத்தில் காயம்பட்ட வீரர்கள் வயல்வெளி நிறையக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். நெய்யூரில் வாய்ப்புற்றுக்கு ரேடியம் சிகிச்சையையும் கொண்டுவந்தார். வெற்றிலையும் புகையிலையும் மென்ற நம் பாட்டன்மார் பாட்டிமாரில் எத்தனையோ பேர் அவருடைய கையால் வேதனை தணிந்தவர்கள். அந்தப் பரம்பரை இருக்கும் மாவட்டம் இது.

இங்கே ஒரு எதிர்க் கேள்வி எழும். மார்ஃபினைத் திறந்துவிட்டால் அமெரிக்காவைப் போல் ஆகிவிடாதா? நியாயமான கேள்வி. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை அங்கே ஒரு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றது. 2007-இல் அந்தப் பொய்க்காக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கட்டுக்கட்டாக எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கிடைக்காமல் போனபோது பலர் ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021-இல் மட்டும் மருந்தும் போதைப்பொருளும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

அங்கே நடந்த அடுத்த தவறு பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. 2016-இல் கட்டுப்பாட்டு வழிகாட்டல் வந்ததும் பல மருத்துவர்கள் பயந்துபோய், ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினார்கள். வலி திரும்பியது, சிலர் தெரு மருந்துக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அப்படி நிறுத்தக் கூடாது என்று 2019-இல் அந்நாட்டு மருந்து ஆணையம் எச்சரித்தது. 2022-இல் வழிகாட்டலையே திருத்தினார்கள். அள்ளிக் கொடுத்ததும் தவறு, பிடுங்கிக்கொண்டதும் தவறு. இரண்டிலும் வலியோடு எதிரே உட்கார்ந்திருந்தவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் வலிக்கும், இறுதிக் காலத்து மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் மறுக்கப்படுவது கொடுமை. நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஓபியாய்டுகள் முதல் மருந்தாக இருக்கக் கூடாது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 240 பேரை ஓராண்டு கவனித்தார்கள், சாதாரண மருந்துகளைவிட ஓபியாய்டுகள் மேலாக வேலை செய்யவில்லை. உடற்பயிற்சி, பிசியோதெரபி, நரம்புக்கான மருந்துகள், வேலை முறையில் மாற்றம், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எல்லாம் சேர்ந்துதான் அந்த வலியைக் குறைக்கும். அண்டியாபீசில் ஒரு தாழ்ந்த இருக்கை போட்டுக் கொடுப்பதும் வலி மருத்துவம்தான்.

நம் நாட்டில் இன்று இரண்டு பக்கமும் புண். மார்ஃபின் வகை மருந்தில் இந்தியாவுக்குக் கிடைப்பது நாட்டின் தேவையில் 4 விழுக்காடு என்று 2017-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. மறுபுறம், 2019-இல் எய்ம்ஸ் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி ஓபியாய்டு பயன்பாட்டால் உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர். மருத்துவரின் கையில் மருந்து இல்லை, தெருவில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டிராமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. பிறகு அந்த இடத்துக்கு டேப்பென்டடால் வந்தது. தமிழ்நாட்டில் பிடிபடும் மாத்திரைகளில் அந்தப் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. இளைஞர்கள் சிலர் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையின் மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைத்துக் கை அழுகிப்போவதுண்டு. ஒரு மாத்திரையைத் தடைசெய்தால் அடுத்தது வரும். அதை வாங்கியவரில் யாருக்கு வலி இருந்தது, யாருக்கு வேலையும் நம்பிக்கையும் இல்லாமல் இருந்தது என்று கேட்கும் ஓர் அறை அரசு மருத்துவமனையில் இல்லாதவரை இது நிற்காது.

குளச்சல் அரசு மருத்துவமனையிலும் தக்கலையிலும் வாரம் ஒரு நாள் வலி வெளிநோயாளர் பிரிவு நடத்த வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மயக்கவியல் மருத்துவரும் ஒரு மனநல மருத்துவரும் அதே அறையில் அமர வேண்டும். இருவரும் வேறு வேறு கட்டடத்தில் இருந்தால் நோயாளி இரண்டாம் கட்டடத்துக்குப் போகமாட்டார், யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். மீனவர் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் ஜமாஅத்துகளும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் இதைக் கேட்கலாம். பூட்டி வைத்து அடிக்கும் இல்லங்களில் யாரையும் சேர்க்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற இடமா என்று கேளுங்கள். வழக்குப் போடுவார்கள் என்று அஞ்சி மருத்துவரிடம் வராமல் இருப்பவர்களுக்கு ஒரு சேதி: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் பயன்பாட்டுக்கான வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

இந்த அவையிலோ உங்கள் வீட்டிலோ யாராவது இப்போது அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கலாம். நாளைக் காலையிலிருந்து நிறுத்துகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். மருந்து அட்டைகளை, காலி அட்டைகளையும் சேர்த்து, பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். ஒரு நாளுக்கு எத்தனை என்று உண்மையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்று கணக்கிட முடியும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரமில்லை. எங்கே வலிக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம், கட்டணமில்லை. கூட்டம் முடிந்ததும் நான் இந்த மண்டபத்தின் பக்கவாட்டு அறையில் இருப்பேன். கடைசி ஆள் போகும்வரை இருப்பேன்.